பெரியப்பாவின் பென் டிரைவும் நகராட்சியின் கணினியும்

போன பொங்கலுக்கு ராஜபாளையம் போயிருந்தபோது பெரியப்பா ஒரு பென் டிரைவை என் கையில் கொடுத்தார். "இதுல வீட்டு ஃபைல் ஒண்ணு இருக்குத்தா, உன் போன்ல தெறந்து காட்டு" என்றார். 2008-ல் தாத்தா உயிரோடு இருந்தபோது, குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து வைத்த பாகப்பிரிவினை வரைவு அது. பதிவு செய்யாத வரைவுதான். ஆனால் வீட்டின் அளவுகள், வரி எண், குடிநீர் இணைப்பு எண், கிணற்றுக்குப் போகும் பாதை யாருக்கு என்ற விவரம் எல்லாம் அதில்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்து வைத்த காகிதத்தைக் கரையான் அரித்துவிட்டது. சிடியில் இருந்ததைப் பென் டிரைவுக்கு மாற்றி, பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

போனில் செருகித் திறந்தேன். ஃபைல் திறந்தது. ஆனால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து, பக்கம் பக்கமாக ஓடின.

"என்னத்தா இது, தமிழ்லதான அடிச்சோம்?"

தமிழில்தான் அடித்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த ஏதோ ஒரு பழைய ஃபான்டில். அந்த ஃபான்ட் இருக்கிற கணினியில் திறந்தால் மட்டுமே அது தமிழ். வேறு எங்கே திறந்தாலும் வெறும் கிறுக்கல்.

ஒரு வீட்டு ஃபைலுக்கே இந்தக் கதி என்றால், ஒரு ஊரின் ஃபைல்களை யோசித்துப் பாருங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுமே நகராட்சிகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளி. ஒவ்வொன்றிலும் சொத்து வரி, காலியிட வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, நகர்மன்றத் தீர்மானம் என்று தினமும் ஏதாவது ஒன்று கணினிக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. இன்று போகிறது, சரி. இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளை போய்க் கேட்கும்போது அது திரும்ப வெளியே வருமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். 'திறந்த மூல மென்பொருள்' என்ற பெயரைக் கேட்டாலே, காசு மிச்சம் பிடிக்கிற விஷயம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான்.

முதலில் அந்தப் பெயரைப் புரிந்துகொள்வோம்.

ஒரு மென்பொருளை எழுதியவர், அது எப்படி எழுதப்பட்டது என்ற மூல நிரலையும் சேர்த்தே கொடுத்து, "யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம்" என்று உரிமமும் எழுதிக் கொடுத்தால் அது திறந்த மூல மென்பொருள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. பால்கோவாவில் என்ன போடுகிறார்கள் என்பது ரகசியமா? பாலும் சர்க்கரையும். ஊருக்கே தெரியும். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செய்முறை தெரியும் என்பதற்காகக் கடைகள் மூடிவிடவில்லை. கிளறுகிற கைக்குத்தான் காசு. திறந்த மூலத்திலும் அப்படித்தான். நிரல் இலவசமாகக் கிடைக்கலாம். அதை நிறுவித் தர, பழுது பார்க்க, ஊழியர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். 'முழுக்க இலவசம்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்களுக்கு இது புதிதும் இல்லை. இந்தக் கட்டுரையை ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கையில் ஓடுவது லினக்ஸ். ஆண்ட்ராய்டின் அடித்தளமே லினக்ஸ் கெர்னல்தான். கொரோனா தடுப்பூசி போட்டதும் கோவின் தளத்திலிருந்து கியூஆர் குறியீட்டோடு ஒரு சான்றிதழ் பதிவிறக்கினீர்களே, அதை வழங்கப் பயன்பட்ட 'டிவோக்' என்ற மென்பொருளும் திறந்த மூலம். ஆதார் அமைப்பைக் கட்டியபோதும் திறந்த மூல மென்பொருட்களைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். பெரிய சர்வர்கள் இருக்கிற அறைகளில் இது பழைய செய்தி. அலுவலக மேஜை மீது இருக்கிற கணினியில்தான் இன்னும் இழுபறி.

மேஜை மேல் என்ன இருக்கிறது?

ஏதாவது ஒரு உள்ளாட்சி அலுவலகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வருவாய்ப் பிரிவில் இளநிலை உதவியாளர் ஒருவர் பிரவுசரில் வரி கட்டும் தளத்தைத் திறந்து வைத்திருப்பார். அவருக்கு விண்டோஸ் இருந்தாலும் ஒன்றுதான், லினக்ஸ் இருந்தாலும் ஒன்றுதான். பிரவுசர் ஓடினால் போதும். பொதுப் பிரிவில் கடிதம், நகர்மன்ற அஜெண்டா, தீர்மான நகல் டைப் அடிக்கிறவர் கதை வேறு. அவரிடம் பத்துப் பதினைந்து வருஷமாகச் சேர்த்து வைத்த மாதிரிக் கடிதங்கள் இருக்கும். பழைய கடிதத்தைத் திறந்து, தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றி, புதிய பெயரில் சேமிப்பதுதான் அவருடைய வேலை முறை. அந்த மாதிரிகளில் பாதி எந்த ஃபான்டில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கணக்குப் பிரிவில் கூட்டல் சூத்திரங்கள் போட்ட எக்செல் ஃபைல்கள். போட்டவர் மாற்றலாகிப் போய் வருஷக்கணக்காகியிருக்கும். பொறியியல் பிரிவிலும் நகரமைப்புப் பிரிவிலும் வரைபட மென்பொருள். இதுபோக, அதிகாரி டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யூஎஸ்பி டோக்கன், ஸ்கேனர், அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஒரு பிரிண்டர்.

இவ்வளவும் இருக்கிற ஒரு இடத்தில், திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் எல்லாக் கணினியிலும் லினக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று கவுன்டர் முன்னால் வரிசையில் நிற்பது நீங்கள்தான். "சிஸ்டம் மாத்திட்டாங்க சார், நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டுத் திரும்ப வேண்டியவரும் நீங்கள்தான். அதனால் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து.

அதற்காக மாறாமலே இருந்துவிடலாமா என்றால், அதற்கும் காலண்டர் விடுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் கணினிக்குள் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் இருக்க வேண்டும். இல்லையென்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். அது யார் பணம்? நீங்கள் கட்டுகிற சொத்து வரியும் அதில் இருக்கிறது. இந்த மாதிரி பழைய கணினிகளில் லினக்ஸ் இன்னும் பல வருஷம் பாதுகாப்பாக ஓடும்.

தமிழ்நாடு ஏற்கெனவே நடந்து பார்த்த பாதை

நம் மாநிலத்தில் இது முதல்முறை பேசப்படும் விஷயம் இல்லை. அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கித் தரும் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக 2006 முதல் 2008 வரை இருந்தவர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதற்கு முன்பு திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோதே தாலுகா அலுவலகங்களைக் கணினிமயமாக்கிப் பேசப்பட்டவர். எல்காட்டுக்கு வந்ததும் அந்த நிறுவனத்தின் சொந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும், கடிதம் கணக்கு வேலைகளை ஓபன் ஆபீஸுக்கும் மாற்றினார். பிறகுதான் பள்ளிகளுக்கும் மற்றத் துறைகளுக்கும் லினக்ஸ் போட்ட கணினிகளைக் கொடுக்கும் பேச்சு வந்தது. அடுத்தவர் மேஜையை மாற்றச் சொல்வதற்கு முன்னால் தன் மேஜையை மாற்றியதால்தான், நாடு முழுவதும் அன்று இது செய்தியானது. அவர் மாற்றலான பிறகு அந்த வேகம் குறைந்தது. ஒரு அதிகாரியின் ஆர்வத்தில் தொடங்குகிற வேலை அந்த அதிகாரியோடு போகாமல் இருக்க வேண்டுமென்றால், ஆர்வம் அரசாணையாகவும் டெண்டர் நிபந்தனையாகவும் பயிற்சித் திட்டமாகவும் மாறியிருக்க வேண்டும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்து செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு கதை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நினைவிருக்கிறதா? தொடக்க ஆண்டுகளில் வந்த பல மடிக்கணினிகளை ஆன் செய்ததும், 'விண்டோஸா, பாஸ் லினக்ஸா' என்று ஒரு பட்டியல் வரும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இந்திய இயங்குதளம். தமிழிலும் கிடைக்கும். இலட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இரண்டாவது வரியை அழுத்தினோம்? என் கணினியில் அது வந்தபோது, 'ஏதோ எரர்' என்று நினைத்து அவசரமாக முதல் வரியை அழுத்தியவள் நான். யாரும் அது என்ன என்று சொல்லித்தரவில்லை. மென்பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது விஷயம்தான் பெரியப்பாவின் பென் டிரைவுக்கு நேராக வருகிறது. ஒரு காலத்தில் தமிழ் ஃபான்ட் தயாரித்த ஒவ்வொருவரும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தங்களுக்குத் தோன்றியபடி வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, 'தமிழ் 99' விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியீடுகளும் வந்தன. பிறகு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில், யூனிகோடையும் அதோடு டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. இன்று உங்கள் போனில் நீங்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கிற தமிழ் யூனிகோடுதான். எந்த போனில் திறந்தாலும் அது தமிழாகவே இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு பொது ஒப்பந்தம் இருந்ததால் கிடைத்த பலன். 'திறந்த தரம்' என்று சொல்வது இதைத்தான்.

திறந்த மூலம், திறந்த தரம் இரண்டும் வேறு வேறு. முதலாவது மென்பொருள் யாருடையது என்பது. இரண்டாவது, அந்த மென்பொருள் சேமிக்கிற ஃபைலை மற்ற மென்பொருளும் படிக்க முடியுமா என்பது. கடிதங்களுக்கு ஓடிஎஃப் என்ற வடிவம் 2006-லேயே ஐ.எஸ்.ஓ. சர்வதேசத் தரமானது. மத்திய அரசும் மின்னாளுமைக்கான திறந்த தரக் கொள்கையை 2010 நவம்பரில் வெளியிட்டது. 2015-ல் திறந்த மூல மென்பொருள் கொள்கையும் வந்தது. அதன்படி, அரசு நிறுவனம் மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது திறந்த மூலத்தையும் பரிசீலிக்கும்படி அதிலேயே கேட்க வேண்டும். வேண்டாம் என்று ஒதுக்கும் நிறுவனம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். மாநிலங்கள் விரும்பினால் இந்தக் கொள்கையை ஏற்றுக்கொள்ளலாம்.

மலைக்கு அந்தப் பக்கமும், கடலுக்கு அந்தப் பக்கமும்

ராஜபாளையத்தில் மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே இதைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கினார்கள். 2001-ல் ஆரம்பித்த 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் சில ஆண்டுகளில் முழுக்க லினக்ஸுக்கு மாறியது. பத்தாம் வகுப்பு தகவல் தொழில்நுட்பப் பாடமும் தேர்வும் அதிலேயே நடந்தன. அங்கே படித்து வேலைக்கு வருகிறவருக்கு லினக்ஸ் பயமில்லை. கேரள மின்வாரியம் தன் வீட்டு மின்கட்டண பில்லிங் மென்பொருளான 'ஒருமா'வைத் தன் ஊழியர்களைக் கொண்டே கட்டற்ற மென்பொருளில் உருவாக்கியது. வெளி நிறுவனத்திடம் சாவி இல்லை. கட்டண முறை மாறினால் உள்ளே இருப்பவர்களே நிரலை மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளாட்சி என்று பார்த்தால், உலகம் முழுவதும் எடுத்துச் சொல்கிற பெயர் ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி. 2003 மே மாதம் மாநகர மன்றம் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதாகத் தீர்மானித்தது. அந்த முடிவைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர், தன் பனிச்சறுக்கு விடுமுறையை நிறுத்திவிட்டு மேயரைப் பார்க்க நேரில் வந்தார். ஒரு மாநகராட்சியின் கணினிகளுக்காக! (இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமும் வந்தது.) அப்படியும் அவர்கள் மாறினார்கள். 2006-ல் மாற்றம் ஆரம்பித்து 2013-ல் முடிந்தபோது சுமார் 15,000 கணினிகள். ஏழு வருஷம் ஏன் ஆனது? லினக்ஸ் நிறுவ அரை மணி நேரம் போதும். நேரத்தைத் தின்றது மாதிரிக் கடிதங்கள். ஒவ்வொரு துறையும் தனித்தனியாகச் செய்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான மாதிரிகளையும் மேக்ரோக்களையும் தேடி, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, புதிதாக எழுத வேண்டியிருந்தது. அதற்காகவே 'வோல்மக்ஸ்' என்று ஒரு மென்பொருளை அவர்களே எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். நம் பொதுப் பிரிவு மேஜையில் பார்த்த அதே பிரச்சினைதான், பதினைந்தாயிரம் மேஜையில்.

கதை அங்கே முடியவில்லை. 2014-ல் புது மேயர் வந்தார். ஊழியர்களின் புகார்கள், துறைக்குத் துறை பிரிந்து கிடந்த கணினி நிர்வாகம், வெளியிலிருந்து வரும் ஃபைல்களைத் திறப்பதில் சிக்கல் என்று பல பேச்சு எழுந்தது. 2017 நவம்பரில் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று மன்றம் முடிவெடுத்தது. 2020-ல் புதிதாக அமைந்த கூட்டணி, 'முடிந்த இடத்தில் எல்லாம் திறந்த மூலம்' என்று மறுபடியும் ஒப்பந்தம் எழுதியது. ஊஞ்சல் மாதிரி. திறந்த மூலம் தோற்றதற்கு உதாரணமாகவும் ஜெயித்ததற்கு உதாரணமாகவும் மியூனிக்கையே இரண்டு தரப்பும் சொல்வது இதனால்தான். எனக்கு அதில் தெரிவது வேறு: இயங்குதளத்தை மாற்றிய பிறகும், வெளியே இருந்து வருகிற ஃபைல்களின் வடிவம் மாறவில்லை என்றால் பிரச்சினை அப்படியே நிற்கும்.

இதை வரிசை மாற்றிச் செய்தவர்கள் பிரான்ஸின் ஜொந்தார்ம்ரி என்ற போலீஸ் படையினர். 2005-ல் விண்டோஸைத் தொடவே இல்லை, ஆபீஸ் மென்பொருளை மட்டும் ஓபன் ஆபீஸுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு பிரவுசரும் மின்னஞ்சலும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு. கை பழகிய பிறகு, 2008-லிருந்து புதுக் கணினி வாங்கும்போது உபுண்டு லினக்ஸ். ஊழியருக்கு அன்று மாறியது திரையின் பின்னணிப் படம் மாதிரிதான். தினமும் அழுத்துகிற பொத்தான்கள் எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. 70,000-க்கும் மேற்பட்ட கணினிகள் இப்படி மாறின. யாரும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை, சத்தமில்லாமல் நடந்ததால்.

நம் இரண்டு ஊரில் எங்கிருந்து தொடங்கலாம்?

கற்பனைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, நாளைக்கே திறந்த மூலத்துக்கு மாற நினைத்தால் முதல் வேலை கணினியில் இல்லை, பீரோவில். என்னென்ன ஃபைல், எந்த ஃபான்ட், எந்த வடிவம், எந்த மேஜையில் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். பழைய ஃபான்டில் இருப்பவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதற்கு லினக்ஸே தேவையில்லை. விண்டோஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம். லினக்ஸுக்கு எப்போதுமே போகப்போவதில்லை என்று முடிவெடுத்தாலும் இந்த வேலை வீண் போகாது. என்னைக் கேட்டால், பாதி வெற்றி இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து அதே விண்டோஸில் லிப்ரே ஆபீஸ். ஓபன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்து வந்த மென்பொருள், தமிழ் இடைமுகமும் உண்டு. இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இங்கே ஒரு வசதி. மாதிரிக் கடிதங்களை ஒரு ஊரில் செய்தால் இன்னொரு ஊர் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கும் ஒரே ஆள் காலையில் ஒரு ஊர், மதியம் இன்னொரு ஊர் என்று பஸ்ஸில் போய் வரலாம். பிறகு ஒரே ஒரு பிரிவில், பிரவுசர் மட்டும் போதும் என்கிற மேஜைகளில் லினக்ஸ். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் ஸ்கேனரும் லினக்ஸில் வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதிக்க வேண்டும். வேலை செய்யாத மாடல் இருந்தால் அந்த மேஜையை விட்டுவிட வேண்டும். வரைபட மென்பொருள் ஓடுகிற கணினியைக் கடைசிவரை தொடாமல் விட்டாலும் தப்பில்லை. நூற்றுக்கு நூறு என்ற பிடிவாதம்தான் இந்த வேலையைக் கெடுக்கிறது.

வெளியிலிருந்து மென்பொருள் வாங்குகிறார்கள் என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம்: ஒப்பந்தம் முடிகிற நாளில் எல்லாத் தரவையும், எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய வடிவத்தில், விளக்கக் குறிப்போடு நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாவி வாங்குகிற மாதிரிதான். இந்த வரி இல்லையென்றால், மென்பொருள் திறந்த மூலமாகவே இருந்தாலும் ஊரின் வரிக் கணக்கு வேறொருவர் கையில்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அலுவலகம் மாறுகிறவரை காத்திருக்க வேண்டாம். விண்டோஸ் 10-ஓடு நின்றுபோன லேப்டாப் வீட்டில் இருந்தால், ஒரு எட்டு ஜிபி பென் டிரைவில் உபுண்டுவையோ பாஸையோ ஏற்றி, நிறுவாமல் 'லைவ்' முறையில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் வருகிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள், பழையபடி விண்டோஸ் வரும். நிறுவுவது என்று முடிவெடுத்தால் மட்டும், அதற்கு முன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். நிறுவும்போது 'முழு டிஸ்க்கையும் அழி' என்ற கேள்வி வரும், அங்கே அவசரப்படாதீர்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறதென்றால், ஓடிஎஃப் ஃபைலைத் திறக்க 'கொலாபரா ஆபீஸ்' என்ற செயலி இருக்கிறது. மனு எழுதும்போது போனிலேயே தமிழில் அடித்து பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். கடையில் டைப் அடிக்கக் கொடுத்தால் "யூனிகோடுல அடிங்க, ஃபைலையும் என் போனுக்கு அனுப்பிடுங்க" என்று கேளுங்கள். போனில் தமிழ் தெரிந்தால் காசு கொடுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கணினியில் இருக்கிற தகவலை மின்னணு வடிவில் பெறும் உரிமையையும் பிரிவு 2(ஜே)-ல் உங்களுக்குத் தருகிறது. எந்த வடிவில் கேட்கிறீர்களோ, சாதாரணமாக அதே வடிவில் தர வேண்டும் என்று பிரிவு 7(9) சொல்கிறது. அதற்காக அலுவலகத்தின் வளங்கள் அளவுக்கு மீறித் திசைதிரும்பும் என்றாலோ, ஆவணத்துக்கே பாதகம் என்றாலோ மட்டும் விலக்கு. அதனால் மனுவில் 'மின்னணு வடிவில், யூனிகோடு தமிழில்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் வார்டில் ஏரியா சபை கூடும்போது, ரோடு, குடிநீர், தெருவிளக்கு பேசி முடித்த பிறகு, "நம்ம வரிக் கணக்கு எந்த வடிவத்துல இருக்கு, மென்பொருள் மாறினா அது நம்மகிட்ட வந்துடுமா?" என்றும் ஒருமுறை கேட்டுவையுங்கள்.

பெரியப்பாவின் ஃபைலுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அந்தப் பழைய ஃபான்டின் எண் வரிசை பொதுவில் கிடைத்தது. கிடைத்ததால், பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றுகிற வசதியை 'ஓபன்-தமிழ்' என்ற திறந்த மூலத் தொகுப்பில் யாரோ முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அன்று இரவு உட்கார்ந்து ஓட்டினேன். முக்கால்வாசி சரியாக வந்தது. கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்த சொற்களைப் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சொல்லச் சொல்ல, நான் திருத்தினேன். கிணற்றுப் பாதையின் அகலம் நாலரை அடி. அந்த வரி வந்ததும் அவர் எழுந்து உள்ளே போய், பெரியம்மாவிடம், "நாந்தான் சொன்னேன்ல, நாலரைன்னு" என்றார்.